டாமி ஜானின் முழங்கை

பேஸ்பாலைப் புரட்டிப் போட்டவர்கள் யார் என்று கேட்டால் பேப் ரூத், ஜாக்கி ராபின்சன் என்று பட்டியல் தொடங்கும். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எங்கள் தொழிலில் முதலில் நாக்கில் வரும் பெயர் டாமி ஜான். அவர் பெயரே ஓர் அறுவை சிகிச்சைக்குப் பெயராகிவிட்டது.

1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், அவர். அந்தப் பருவத்தில் அதுவரை 13 வெற்றி, 3 தோல்வி. அன்று பந்தை வீசும்போது முழங்கையின் உட்பக்கத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிப் பிடிக்கும் லிகமென்ட் என்னும் நார் அறுந்தது. அந்தக் காலத்தில் பிட்சருக்கு இது ஆட்டத்தின் முடிவு. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப், வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, எட்டு வடிவில் கோத்துக் கட்டினார். மீண்டும் ஆட நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் சொல்லியிருந்தார். 1975 முழுவதும் ஜான் ஆடவில்லை. 1976இல் திரும்பினார், 1977இல் 20 ஆட்டங்களை வென்றார், 1989 வரை வீசினார். மொத்த வெற்றி 288. அதில் 164 அறுவைக்குப் பின் வந்தவை.

எடுத்த நாண் எது என்று உங்கள் கையிலேயே பார்க்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் கயிறு போலப் புடைத்து எழுவது பால்மாரிஸ் லாங்கஸ். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. பயப்பட வேண்டாம், கைப்பிடிக்கு ஒரு குறையும் வராது. அவர்களுக்கு உள்தொடையிலிருந்து நாண் எடுப்பார்கள்.

லிகமென்ட் ஏன் அறுகிறது? வீசும்போது உடல் முன்னே பாய, முன்கை பின்னே தங்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளக்கப் பார்க்கும். முன்னணி பிட்சர்களிடம் அளந்த முறுக்குவிசை ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர். முழங்கையை ஊன்றி உள்ளங்கையில் 18 கிலோ தொங்கவிட்டது போல. ஆய்வகத்தில் தனியாக இழுத்துப் பார்த்தால் லிகமென்ட் அதில் பாதியிலேயே அறுந்துவிடும். மீதிச் சுமையை முன்கைத் தசைகள் வாங்கிக்கொள்வதால்தான் கை பிழைக்கிறது. தசை களைத்துப்போனால் முழுப் பாரமும் நாரின் தலையில். களைத்த கையோடு வீசுவதுதான் காயத்துக்கு மிகப் பெரிய காரணம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வளரும் பிள்ளைகளுக்கு நார் அறுவதற்கு முன்பே, அது பற்றியிருக்கும் எலும்பின், இன்னும் கெட்டிப்படாத வளர்ச்சித் தட்டு விலகிவிடும். வீசும்போது முழங்கை உட்பக்கத்தில் வலி, கை முழுதாக நீளாமை, குறி தப்புவது: இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பந்தைக் கீழே வைக்க வேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் முழங்கையின் உட்பக்கம் வழியே ஓடும் அல்நர் நரம்பும் மாட்டிக்கொண்டது என்று பொருள். வலிநிவாரணி ஸ்பிரே அடித்து ஆடவைப்பது, அறிவிப்பு மணியை அறுத்துப்போடுவது.

அமெரிக்காவில் 2014இல் வந்த பிட்ச் ஸ்மார்ட் வரையறைப்படி 9-10 வயதுக்கு ஒரு நாளில் 75 வீச்சு, 11-12 வயதுக்கு 85, 13-16 வயதுக்கு 95. பதினாலு வயது வரை 66 வீச்சை எட்டினால் நான்கு நாள் ஓய்வு. பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சறுக்குவது கணக்கில்தான். ஒரே பையன் இரண்டு அணிகளில் ஆடுவான். இரண்டு பக்கமும் தனித்தனிக் கணக்கு. பிட்ச் போட்டு முடித்தவனை அதே ஆட்டத்தில் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக, உட்கார வைப்பார்கள். கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான் என்பது மறந்துபோகும். ஆண்டில் நான்கு மாதமாவது கை வீச்சை மறக்க வேண்டும். இதே அறுவையிலிருந்து மீண்ட பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ், 2015இல் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் பெற்றோரிடம் சொன்னதும் இதுதான்: இது வருடம் முழுக்க ஆடும் ஆட்டம் இல்லை.

நம் ஊரில் பிட்சர்கள் குறைவு. வேகப்பந்து வீச்சாளருக்கு முழங்கையை விட இடுப்பு முதுகெலும்புதான் முதலில் விரிசல் விடும். ஆனால் ஈட்டி எறிபவர்களுக்கு இதே நார், இதே ஆபத்து.

அறுவை செய்தால் வேகம் கூடும் என்றொரு நம்பிக்கை பெற்றோரிடையே உலவுகிறது. தவறு. கூடியதாகத் தெரிவது, அதன் பின் ஓராண்டு கால், இடுப்பு, தோளை ஒழுங்காகப் பலப்படுத்தியதன் பலன். புது நாரும் நிரந்தரமில்லை. பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓதானி 2018இல் செய்து, 2023இல் மறுபடி மேசையேறினார். 2024 முழுக்க மட்டை மட்டும் பிடித்தார். ஆட்டத்தில் மீண்டும் பந்து வீசியது 2025 ஜூனில்.

மீட்சியின் வேகம் இதுதான்: முதல் வாரம் அசையாக் கட்டு, பிறகு மெல்ல மடக்கி நீட்டுதல், நாலைந்து மாதம் கழித்து 45 அடி தூரத்தில் மெதுவான எறிதல், ஒன்பதாம் மாதம் வாக்கில் பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து வீச்சு, ஆட்டத்துக்கு 12 முதல் 18 மாதம். 45 அடியில் வலி வந்தால் 60 அடிக்குப் போகக்கூடாது. வலி அடங்கும்வரை நிறுத்தி, அதே 45 அடியில் மறுபடி தொடங்க வேண்டும்.