கடல் தாண்டிக் கடை வைப்பவர்கள் கவனத்துக்கு

தேவகோட்டைக்காரர் ஒருவர், மலேசியாவின் கிள்ளானில் மெஸ் திறந்து ஏழு மாதம் ஆன நிலையில், ஊருக்கு வந்திருந்தபோது காரைக்குடியில் என் அலுவலகத்துக்கும் வந்தார். மலேசியத் தொழிலாளர் துறையிலிருந்து வந்த கடிதம் ஒன்றைக் காட்டத்தான் வந்தார். ஆனால் கடிதத்தைப் பையிலிருந்து எடுக்கும் முன்பே, "சமையக்காரத் தம்பியோட பாஸ்போர்ட்டக்கூட நான்தான் இரும்புப் பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன் அண்ணே, தொலைச்சுப்புடக் கூடாதுன்னு" என்றார். தம் நல்ல மனத்துக்குச் சான்றாக அவர் எதைச் சொன்னாரோ, அதுவே அந்த நாட்டுச் சட்டத்தில் அவருக்கு எதிராக முதலில் நிற்கக்கூடியது. பிறருடைய கடவுச்சீட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது மலேசியாவின் 1966 ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம். அது மட்டுமன்றி, ஆளை வெளியே போகவிடாமல் வைத்து வேலை வாங்கினார் என்று குற்றச்சாட்டு எழுந்தால், 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாய உழைப்புப் பிரிவின்படி ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அப்படிப்பட்ட வழக்கில் இரும்புப் பெட்டிதான் முதல் சாட்சியாகும்.

மெஸ், பலகாரக் கடை, நகைக்கடை, ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை என்று இந்தப் பக்கத்திலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்த் தொழில் தொடங்குகிறவர்களின் பணியாளர் தொடர்பான தாள்களைப் பார்ப்பது என் தொழில். வாடகை ஒப்பந்தத்தை மூன்று முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிற அதே மனிதர், ஆள் வைக்கும்போது மட்டும் "நம்ம ஊர்ப் பையன், சொன்னாப் போதும்" என்று விட்டுவிடுகிறார். இதை நம் மரபு என்று சொல்வதையும் நான் ஒப்புவதில்லை. நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், பர்மாவுக்கோ மலாயாவுக்கோ ஏஜெண்டாகப் போகிறவருக்கு மூன்றாண்டு என்று தவணை இருந்தது. சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பது சம்பளச் சீட்டில் எழுத்தாக இருந்தது. வாய்ச்சொல்லே போதும் என்பவர்கள் தாத்தாவின் பெட்டகத்தைத் திறந்து பார்க்கலாம். மலேசியாவின் 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. எழுத்து இல்லையென்றால், "அவர் என் தொழிலாளி அல்லர், சும்மா ஒத்தாசைக்கு இருந்தார்" என்று முதலாளி தப்பிக்கவும் வழியில்லை. வேலையின் தன்மையைப் பார்த்து அவரைத் தொழிலாளி என்றே கொள்ளும் அனுமானம் இப்போது சட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது.

தேவகோட்டைக்காரருக்கு வந்த கடிதம் வேலை நேரத்தைப் பற்றியது. அவருடைய சமையல்காரர் காலை 5 மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்து, மதியம் 1 மணிக்குக் கரண்டியைக் கீழே வைத்து, மாடியில் படுத்து எழுந்து, மாலை 5 மணிக்கு மறுபடி இறங்கி வந்து இரவு 10 மணிக்கு அண்டா கழுவி முடிப்பார். காரைக்குடியில் எந்த மெஸ்ஸிலும் இதுதான் நடைமுறை, யாரும் இதைத் தவறாக நினைப்பதில்லை. மலேசியாவில் சட்டம் இந்த நாளை வேறு விதமாக எண்ணுகிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்பவை பலருக்கும் தெரிந்த வரம்புகள். வாரக் கணக்கு முன்பு 48 ஆக இருந்து 2023 இல் குறைந்தது. பலருக்கும் தெரியாத மூன்றாவது வரம்பு ஒன்று உண்டு. வேலையைத் தொடங்கிய நேரத்திலிருந்து தொடர்ந்து 10 மணி நேரத்துக்குள், நடுவில் விடும் ஓய்வையும் சேர்த்து, அன்றைய வேலை முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால், அந்தப் பத்து மணி நேரம் முடிந்ததிலிருந்து அவர் வேலையை விட்டுப் போகும் வரை உள்ள நேரம் முழுவதும் ஓவர்டைம் ஆகும்.

அலுவலகத்தில் ஒரு துண்டுத்தாளில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். காலை 5 மணிக்குத் தொடங்கிய பத்து மணி நேரம் பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. அதிலிருந்து இரவு 10 வரை 7 மணி நேரம் ஓவர்டைம், அதாவது அந்தத் தம்பி 3 முதல் 5 வரை குறட்டை விட்டுத் தூங்கிய நேரமும் அதில் சேர்ந்துவிடுகிறது. குறைந்தபட்ச ஊதியமான 1,700 ரிங்கிட்டை 26 ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். அதை 8 ஆல் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் ஓவர்டைம் மணிக்கு 12 ரிங்கிட் 26 சென். ஏழு மணி நேரத்துக்குச் சுமார் 85 ரிங்கிட் 80 சென் ஆகிறது. அன்றைய கூலியைவிட அன்றைய ஓவர்டைம் அதிகம். அதைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது, இவர் வாங்கியது 26 நாளுக்கு 182 மணி நேரம். அடுப்படியில் நின்ற நேரத்தை மட்டும் கூட்டினாலும் 13 மணி நேரம் வருகிறது, 12 மணி நேரத்துக்கு மேல் ஒரு நாளில் வேலை வாங்கவே கூடாது என்பதும் விதி. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தூங்குனதுக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

சம்பளத்தை மாத முடிவிலிருந்து ஏழாம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும், முன்பணத்தையும் மற்றவற்றையும் சேர்த்துப் பிடித்தம் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அவருக்குப் புதிய செய்திகளாக இருந்தன. வெளிநாட்டுத் தொழிலாளியை வைப்பதற்காக அரசுக்குக் கட்டும் லெவியை 2018 முதல் முதலாளியே கட்ட வேண்டும், அதைச் சம்பளத்தில் கழித்திருந்தால் திருப்பித் தர வேண்டியிருக்கும். சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம் வெளிநாட்டவருக்கும் உண்டு. ஊழியர் சேமநிதியில் 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு கட்டுகிறார்கள். படுக்கும் இடத்துக்கும் சட்டம் உண்டு. தனி அறையானால் தலைக்கு 3.6 சதுர மீட்டர், வரிசைக் கட்டில் போட்ட பொதுக்கூடமானால் 3 சதுர மீட்டர் தரை இருக்க வேண்டும், தொழிலாளர் துறையிடம் அதற்குச் சான்றும் பெற வேண்டும். பினாங்கில் நகரத்தாரின் கடைக்கூடமான கிட்டங்கியில், கணக்குப் பெட்டியின் அடியிலேயே பாயை விரித்துப் படுத்த முன்னோர் கதை கேட்பதற்குச் சுவையானதுதான், ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

ஆளை நிறுத்தும் விஷயத்தில்தான் நம்மவர் பெரிதும் அடிபடுகிறார்கள். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற மூன்று சொல்லால் முடிகிற காரியம் அங்கே அப்படி முடிவதில்லை. 1967 ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி தகுந்த காரணம் காட்ட வேண்டும். நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் முறையிட்டு, வழக்கு தொழில் நீதிமன்றம் வரை போய் அங்கே முதலாளி தோற்றால், வேலையிலிருந்து நீக்கிய பின் உள்ள காலத்துக்கு 24 மாதம் வரையிலான சம்பளத்தைக் கொடுக்க நேரலாம்.

சிங்கப்பூரின் போக்கு வேறு. அங்கே எல்லாம் தாளில்தான் நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், சம்பளச் சீட்டிலும் ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிக் கொடுக்க வேண்டும். இந்திய உணவகங்களுக்கு இந்தியாவிலிருந்து சமையல்காரரை ஒர்க் பெர்மிட்டில் எடுக்க 2023 செப்டம்பர் முதல் வழி திறந்திருக்கிறது, ஆனால் மாதம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நிலைச் சம்பளம் தர வேண்டும். இங்கேதான் ஒரு தந்திரம் நுழைகிறது. விண்ணப்பத்தில் 2,000 என்று எழுதிவிட்டு, சம்பளம் கணக்கில் ஏறியதும் 800 வெள்ளியைக் கையில் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஊரில் யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை தருவதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உள்ள குற்றம். இந்த யோசனையோடு வருகிறவர்களின் தாள்களை நான் தொடுவதில்லை.

துபாய்க்குப் போகிறவர்களுக்கு இரண்டு செய்திகள் போதும். 2022 பிப்ரவரி 2 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. ஓராண்டு முடிந்த தொழிலாளிக்குப் பணிக்கொடை உண்டு, முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். ஐந்தாண்டு முடிந்தால்தானே பணிக்கொடை என்ற நம் ஊர் நினைப்பில் பணத்தை ஒதுக்காமல் இருந்துவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே ஆள் விலகும்போது திண்டாடியவர்கள் உண்டு.

இந்தப் பக்கத்திலும் ஒரு சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாத நம் சமையல்காரர்கள் பலருடைய கடவுச்சீட்டு குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. அத்தகையவர் வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் அமீரகமும் இருக்கின்றன, சிங்கப்பூர் இல்லை. "முதலில் டூரிஸ்ட் விசாவில் வரட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்பது இந்தச் சோதனையைத் தாண்டிப் போகிற வழி. அப்படிப் போனவருக்கு அடிபட்டாலோ, வேலை போனாலோ, இங்கிருந்து யாரும் எதையும் கேட்க முடியாமல் போகிறது. மலேசியாவில் வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் முன் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் அனுமதி தேவை என்பதால், அந்த முதலாளியும் முதல் நாளிலேயே குற்றவாளி ஆகிறார்.

தேவகோட்டைக்காரர் அன்று போகும் முன், மாலை நேரத்துக்கு இன்னொரு ஆளைப் போட்டால் கட்டுமா என்று கேட்டார். துண்டுத்தாளின் பின்பக்கத்தில் அதையும் போட்டேன். ஒரே ஆளுக்கு அவர் தர வேண்டிய ஓவர்டைம் மாதம் 2,231 ரிங்கிட். உள்ளூர் ஆள் ஒருவரை 1,700 ரிங்கிட்டில் வைத்து, 13 விழுக்காடு சேமநிதி 221 ரிங்கிட்டையும் கட்டினால் 1,921, சொக்சோவுக்குச் சிறு தொகை கூடும். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படி இறங்கும்போதே கிள்ளானுக்குப் போன் போட்டு, பெட்டியில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்துத் தம்பியிடம் கொடுக்கச் சொன்னார்.