திருத்திய மனிதக் கரு: பிரிட்டன் சட்டம் கோடு போடும் இடம்

மனிதக் கருவின் மரபணுவைத் திருத்த பிரிட்டனில் முழுத் தடை உண்டு என்று சிலரும், 2016-லேயே அதற்கு அனுமதி வழங்கப்பட்டுவிட்டது என்று சிலரும் எழுதுகின்றனர். இரண்டுமே பாதி உண்மை. 1990-ஆம் ஆண்டின் மனிதக் கருத்தரிப்பு மற்றும் கருவியல் சட்டம், ஆய்வகத்துக்குள் நடக்கும் திருத்தத்தை உரிமத்தின் பேரில் அனுமதிக்கிறது. திருத்திய கருவைப் பெண்ணின் உடலில் வைப்பதைக் குற்றம் என்கிறது.

பெண்ணின் உடலில் வைக்கத் தகுந்தது ‘அனுமதிக்கப்பட்ட கரு’ மட்டுமே; இந்த வரையறை 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வோ, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள டி.என்.ஏ.வோ எந்தவொரு செல்லிலும் மாற்றப்படாத கரு மட்டுமே இந்த வரையறைக்குள் வரும். நோயைத் தடுக்கவே திருத்தினோம் என்பதோ, பெற்றோர் எழுத்துமூலம் சம்மதித்தனர் என்பதோ இங்கு விலக்காகாது. மீறினால் பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

ஆய்வுக்கான உரிமத்தை மனிதக் கருத்தரிப்பு மற்றும் கருவியல் ஆணையம் வழங்குகிறது. ஓர் உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. 2016 பிப்ரவரியில், லண்டனின் பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கேத்தி நியாகன் குழுவுக்கு இவ்வகை அனுமதி கிடைத்தது. அக்குழு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் ஆக்ட்4 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து, அது இல்லாத கருக்கள் பிளாஸ்டோசிஸ்ட் எனும், கருப்பையில் பதிவதற்கு முந்தைய நிலையைச் சரிவர எட்டுவதில்லை என்று 2017-இல் வெளியிட்டது. பயன்பட்டவை, செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பின் எஞ்சியதால் தம்பதியர் ஆய்வுக்கு அளித்த கருக்கள். அளித்தவர்கள், கரு ஆய்வில் பயன்படுத்தப்படும் வரை தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இந்த உரிமை பலருக்குத் தெரிவதில்லை.

உரிமம் இருந்தாலும், உடலின் அச்சைக் காட்டும் ஆதிக்கோடு தோன்றிய பிறகு கருவை வைத்திருக்கக் கூடாது. கரு உருவாகத் தொடங்கியதிலிருந்து 14 நாள் முடிவதற்குள் அக்கோடு தோன்றிவிட்டதாகவே சட்டம் கொள்ளும். உறைநிலையில் வைத்திருந்த காலம் இக்கணக்கில் சேராது.

அனுமதிக்கப்பட்ட கருவை மட்டுமே பெண்ணின் உடலில் வைக்கலாம் என்ற விதிக்கு ஒரே விதிவிலக்கு, 2015-இல் நடைமுறைக்கு வந்த மைட்டோகாண்ட்ரியா தான விதிகள். தாயிடமிருந்து பிள்ளைக்குக் கடுமையான மைட்டோகாண்ட்ரியா நோய் செல்லும் அபாயம் இருந்தால், தாயின் உட்கருப் பொருளைக் கொடையாளரின் முட்டைக்கு மாற்றலாம். ஒவ்வொருவருக்கும் ஆணையம் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். செய்தித்தாள்கள் இதையும் மரபணுத் திருத்தம் என்கின்றன. உண்மையில் எந்த மரபணுவும் வெட்டி ஒட்டப்படுவதில்லை.

பரம்பரை நோயுள்ள தம்பதியருக்கு இச்சட்டம் அனுமதிக்கும் வழக்கமான வழி, கருவைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுப்பதுதான். ஆணையம் ஏற்ற நோய்களுக்கு மட்டுமே இதைச் செய்யலாம்; எனவே, தங்கள் நோய் அப்பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் உரிமம் பெற்ற மருத்துவமனையில் கேட்டறிய வேண்டும். அரிவாள் செல் நோய்க்கு 2023-இல் ஒப்புதல் பெற்ற கிரிஸ்பர் சிகிச்சை, நோயாளியின் சொந்த இரத்த மூலசெல்களைத் திருத்துவது. அது அவருடைய பிள்ளைகளுக்குச் செல்லாது என்பதால் கருவியல் சட்டத்தின் தடைக்குள் வராது.