ஸ்க்ராம்ப்ளர்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது?

நம்ம கடலூர்ப் பக்கம் இப்ப பசங்க நிறைய பேர் ஸ்க்ராம்ப்ளர்ங்கிற பைக் வாங்குறாங்க, போன வாரம் தம்பி முறை பையன் ஒருத்தன் "அண்ணே அந்தப் பேருக்கு என்னண்ணே அர்த்தம், ஓட்டல்ல முட்டைக்கும் அதானே சொல்றாங்க"ன்னு கேட்டான். நல்ல கேள்வி.

ஸ்க்ராம்பிள்னா கையும் காலும் ஊனி மேட்டுல தொத்திக்கிட்டு வேகமா ஏறுறது, ஒண்ணுக்காக முண்டியடிக்கிறதுக்கும் அதே சொல்தான், முட்டையக் கிளறுற பொருளெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது (நமக்கு அது பொடிமாஸ்).

பைக்குக்கு இந்தப் பேரு வந்த கதை 1924ல, இங்கிலாந்துல கேம்பர்லிங்கிற ஊர்ல. வடக்க யார்க்‌ஷயர்ல ஸ்காட் ட்ரயல்னு ஒரு போட்டி நடந்துகிட்டிருந்தது, அத மாதிரி தெக்கயும் ஒண்ணு வேணும்னு ஆரம்பிச்சவங்க, கால் ஊனாம ஓட்டுற திறமைக்கு மார்க் போடுறத எடுத்துட்டு யாரு முன்னாடி வர்றாங்கன்னு மட்டும் பாத்தாங்க, அதனால ட்ரயல்னு பேர் வைக்க முடியாம ஸ்க்ராம்பிள்னு வச்சாங்க. அந்த மாதிரி போட்டிக்காக ரோட்டு வண்டியவே லைட்டக் கழட்டி, கல்லுல இடிக்காம சைலன்சர மேல தூக்கி, அகலமான ஹேண்டில்பார், பட்டன் டயர்னு மாத்துனாங்க பாருங்க, அதுதான் ஸ்க்ராம்ப்ளர். அந்தப் போட்டியோட பேரு பின்னாடி மோட்டோகிராஸ்னு மாறிடுச்சு, வண்டியோட பேரு மட்டும் நின்னுடுச்சு. டுகாட்டி 1962லயே அந்தப் பேர்ல வண்டி விட்டாங்க, 2006ல ட்ரையம்ப் பழைய தோற்றத்துல ஒண்ணு, நம்ம நாட்டுல 2022ல யெஸ்டியோட ஸ்க்ராம்ப்ளரும் ராயல் என்ஃபீல்டோட ஸ்க்ராம் 411ம் வந்துச்சு.

சரி, தமிழ்ல? விரைந்தேறி, தொத்தோடின்னு நானும் எழுதி எழுதிப் பாத்தேன், வாய்ல நிக்கல. கெடிலத்த ஒட்டி திருவந்திபுரம் வளைவெல்லாம் தாண்டி கேப்பர் மலைல ஏறி, முந்திரித் தோப்புக்குள்ள போற செம்மண் வண்டித்தடத்துல ஒருநாள் போனேன், மழை பேஞ்சு ஓய்ஞ்ச நேரம், தண்ணி அரிச்ச பள்ளத்துல முன்சக்கரம் சறுக்குது, ஃபுட்ரெஸ்ட்ல எழுந்து நின்னு முட்டிய மடக்கி ஹேண்டில லூசா விட்டாத்தான் வண்டி தானா வழி பாத்துக்குது, மேல தூக்கின சைலன்சரோட சூடு வலது தொடையில நல்லாவே தெரியுது. தோப்புல நின்ன பெரியவர் ஒருத்தர் "இந்தக் கரட்டுல கூட வண்டி போவுதா தம்பி"ன்னாரு. அந்த நிமிஷமே சொல் கெடைச்சிடுச்சு.

கரடுன்னா மேடும் பள்ளமுமா, கல்லும் முள்ளுமா இருக்கிற எடம், கரடுமுரடுல வர்ற அதே கரடு. முரடு முரட்டுத் துணி ஆகுற மாதிரி கரடு கூட வண்டி சேந்தா கரட்டுவண்டி. இங்கிலீஷ் சொல் ஓட்டுறவன் படுற பாட்டச் சொல்லுது, நம்ம சொல் அவன் போற மண்ணச் சொல்லுது, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. மோட்டார் சைக்கிளுக்குச் சொல்ற உந்துருளியச் சேத்து கரட்டுந்துருளின்னு வைக்கலாம்தான், ஆனா டீக்கடைல யாரும் சொல்ல மாட்டாங்க, பைக்க நாம எல்லாரும் வண்டின்னுதானே சொல்றோம்.

பழைய தோற்றத்துல வர்றத ரெட்ரோ ஸ்க்ராம்ப்ளர்னு சொல்றாங்கல்ல, அந்த ரெட்ரோங்கிறது லத்தீன்ல 'பின்பக்கமா', அதுக்குப் பழம்பாணி போதும். ஆக ரெட்ரோ ஸ்க்ராம்ப்ளர்னா பழம்பாணிக் கரட்டுவண்டி. ஒண்ணே ஒண்ணு, வட்ட லைட்டும் தட்டை சீட்டும் மாட்டிட்டு டயர் வழுவழுன்னு, இன்ஜின் தரைய உரசுற மாதிரி இருக்கிறதையும் சில பேர் ஸ்க்ராம்ப்ளர்ங்கிறாங்க, அது வெறும் பழம்பாணி வண்டி, கரட்டுவண்டின்னு சொல்லிடாதீங்க.