ஐந்து அசைவைப் பூட்டு, ஒன்றைத் திறந்து வை

துப்பாக்கி ஆடக் கூடாது, அவ்வளவுதானே? பட்டறையில் இரும்பை வைஸில் இறுக்குவதுபோல அதையும் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. இலக்குச் சுடுதல் பழக வரும் பலருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை இது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி இறுக்கினால் கட்டை, அதாவது குழலைத் தாங்கும் உடல்பகுதி, லேசாக நெளியும், உதைப்பு முழுவதும் கட்டையிலும் ஸ்கோப்பிலும் இறங்கும். தோளில் வைத்துச் சுடும்போது குண்டு படுகிற இடமும் பிடிக்குள் வைத்துச் சுடும்போது படுகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இராது. ஏன் என்று புரிய, பள்ளியில் நாம் எல்லோரும் போட்ட ஒரு கணக்கை மறுபடி எடுக்க வேண்டும்.

உந்தக் கணக்கு. குண்டின் நிறையையும் வேகத்தையும் கொடுத்து, துப்பாக்கி எவ்வளவு வேகத்தில் பின்னால் உதைக்கும் என்று கேட்பார்கள். எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்டோம். அங்கே யாரும் கேட்காமல் விட்ட கேள்விதான் நமக்கு முக்கியம்: குண்டு இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்?

இதற்கு வேகம்கூடத் தெரிய வேண்டியதில்லை, நிறைகளின் விகிதமும் குழலின் நீளமும் போதும். 5 கிலோ எடையுள்ள பாயிண்ட் 22 ரைஃபிள், 2.6 கிராம் குண்டு, 65 செ.மீ. குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு குழலின் வாயைத் தொடுவதற்குள் துப்பாக்கி சுமார் 0.34 மி.மீ. பின்னால் வந்திருக்கும். அதே எடையுள்ள பெரிய ரைஃபிளில் 11 கிராம் குண்டு 60 செ.மீ. ஓடினால் 1.3 மி.மீ.; வெடிமருந்தின் நிறையையும் சேர்த்தால் ஒன்றரை மி.மீ.யை நெருங்கும். அதாவது குண்டு வெளியேறும் கணத்தில் எந்தத் துப்பாக்கியும் சும்மா நின்றுகொண்டிருப்பதில்லை. அந்த நகர்வைத் தடுக்கப் போராடுவதைவிட, ஒவ்வொரு முறையும் அது ஒரே பாதையில் நடக்கும்படி விட்டுவிடுவது மேல்.

ஒன்றரை மி.மீ. ஒரு பொருட்டா என்று தோன்றலாம். நேர் பின்னால் போனால் பொருட்டே இல்லை. கூடவே கொஞ்சம் மேலோ பக்கவாட்டிலோ போனால்தான் வில்லங்கம். துப்பாக்கியின் முன்பகுதியை ஒரு தாங்கியிலும் பின்பகுதியை ஒரு மணல் பையிலும் வைத்துச் சுடுகிறோம், இரண்டுக்கும் இடையே 60 செ.மீ. இருக்கிறது என்று கொள்வோம். பின்பக்கம் 0.1 மி.மீ., அதாவது ஒரு சாதாரண அச்சுத் தாளின் கனம் அளவுக்கு உயர்ந்தால், 100 மீட்டரில் குறி சுமார் 1.7 செ.மீ. இறங்கிவிடும். ஐந்து தாள் கனம் என்றால் எட்டு செ.மீ.க்கும் மேல். ட்ரிகரை அழுத்துவதற்கு முன் இப்படி நேர்ந்தால் ஸ்கோப் காட்டிக்கொடுக்கும், திருத்திக்கொள்ளலாம். அழுத்திய பின், அந்தச் சில மில்லி வினாடிகளில், திருத்த எந்த மனிதனாலும் முடியாது. அங்கே பொறுப்பு தாங்கியுடையது.

எந்தத் திடப்பொருளுக்கும் ஆறு வகை அசைவு உண்டு. முன்-பின், மேல்-கீழ், இட-வலம் என்று மூன்று நகர்வு. அந்த மூன்று அச்சுகளைச் சுற்றி மூன்று சுழற்சி. நல்ல ஏற்பாட்டில் முன் தாங்கி மூன்றைப் பூட்டுகிறது: முன்கட்டை மேலும் கீழும் போகாது, பக்கவாட்டில் போகாது, கட்டையின் அடி தட்டையாக இருந்தால் குழலைச் சுற்றி உருளவும் செய்யாது. முயல் காதுபோல இரு மேடுகள் கொண்ட பின் பை, தோளில் படும் பின்முனையான பட் பகுதியின் மேல்-கீழ் அசைவையும் இட-வல அசைவையும் பூட்டுகிறது. ஆக ஐந்து. மிச்சம் இருப்பது முன்-பின் ஒன்றுதான். அதை மட்டும் வழுக்கலாக விட்டுவிட வேண்டும்.

மேசையில் தாங்கிமேல் துப்பாக்கியை வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் என்ற போட்டிவகையில் துல்லியத்தின் எல்லையைத் தொட ரெயில் கன் என்று ஒன்று செய்வார்கள். குழலைக் கனமான ஒரு தட்டில் இறுக்கி, தட்டைத் தண்டவாளம் போன்ற வழித்தடத்தில் ஓடவிடுவது. ஆளைக் கொல்லும் எடை, தோளில் வைக்கிற பேச்சே கிடையாது. ஆனால் அங்கும் அந்த ஒரு அசைவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள்.

சாதாரணத் தாங்கிகளில் என் ஓட்டு எப்போதும் மணல் பைக்குத்தான். திருகு, சக்கரம், பளபளக்கும் உலோகம் என்று எத்தனையோ வந்தாலும் துப்பாக்கியைத் தொடும் இடத்தில் கடைசியில் இருப்பது பெரும்பாலும் மணல்தான். அது அவ்வளவு விசித்திரமான பொருள். ஈரமான கடற்கரை மணலில் காலை அழுத்தினால், பாதத்தைச் சுற்றி மணல் திடீரென உலர்ந்ததுபோல வெளுக்கும். நெருக்கமாக அடுக்கிய மணிகள் நகர வேண்டுமென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அதற்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் மணல் விரிகிறது, நீர் இடுக்குகளுக்குள் இறங்குகிறது. பொறியியல் அறிஞர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கிய விஷயம் இது. இப்போது அதே மணலை இறுக்கமாக அடைத்த பைக்குள் நினைத்துப் பாருங்கள். விரிய இடமில்லை, ஆகவே நகரவும் முடியாது. பை கல்லாகிறது. ஆனால் கல்லைப்போல அதிர்வைத் திருப்பி அடிப்பதில்லை. மணிகளுக்கிடையே உள்ள கோடிக்கணக்கான உராய்வுகள் அதை வெப்பமாகத் தின்றுவிடுகின்றன. 2010இல் காபித்தூள் நிரப்பிய ரப்பர் பையிலிருந்து காற்றை உறிஞ்சி, அது எதையும் கவ்விப் பிடிக்கும் ரோபோக் கையாக மாறுவதைக் காட்டினார்கள். தத்துவம் இதேதான்.

அதனால்தான் பாதி நிரம்பிய பை உதவாது. ஒவ்வொரு சுடலுக்கும் துப்பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டே போகும். முன் பை கெட்டியாக இருக்கட்டும். பின் பையைக் கையால் பிசைந்து உயரத்தைச் சரிசெய்கிறவர்கள் அதை மட்டும் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்ளலாம். எடையும் உதவும்: சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்றால் ஜிர்க்கான் மணலுக்குச் சுமார் 4.6. பை நகராமல் இருக்க இதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. சுமந்து நடக்க வேண்டியவர்கள் பிளாஸ்டிக் மணிகளை நிரப்புகிறார்கள். எடை குறையும், உறுதியும் கொஞ்சம் குறையும்.

கட்டையின் வடிவத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பெரும்பாலான ரைஃபிள்களில் பட் பகுதியின் அடிக்கோடு பின்னால் போகப்போகக் கீழே சரிகிறது. அது பின் பைமேல் பின்னோக்கி வழுக்கும்போது, பைமேல் வந்து உட்காருவது அடிக்கோடு உயரமாக இருக்கும் முன்பகுதி. எனவே பட் இறங்கும், வாய் எழும். இலக்குச் சுடுதலுக்கென்றே செய்த கட்டைகளில் அந்த அடிக்கோடு குழலுக்கு ஏறக்குறைய இணையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

குழலை மட்டும் எதன் மீதும் சாய்க்காதீர்கள். ஒரு முனை இறுகி மறுமுனை காற்றில் நிற்கும் கம்பி அது, சுடும்போது அதிரும். தொட்ட இடம் மாறினால் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். தாங்கி முன்கட்டையைத்தான் தொட வேண்டும்.

முன்கட்டையில் மாட்டும் இரண்டு கால் தாங்கியான பைபாட் எளிது, கையடக்கம். புல்தரையிலோ மண்ணிலோ நன்றாகவே உழைக்கும். காங்கிரீட் மேசையில் வைத்தால் கால்கள் துள்ளும். லேசாக முன்னால் சாய்ந்து அழுத்தம் கொடுத்துச் சுடுவார்கள். அந்த அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால்தான் பலன்.

ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதுவரை சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவார்கள். அதில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும். பிஸ்டன் அமுங்கிய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே தள்ளப்படும். இத்தனை குதியாட்டத்துக்கு நடுவில்தான் பெல்லட் என்ற அதன் சிறு குண்டு குழலில் ஓடுகிறது. கெட்டியான பைமேல் நேராக வைத்தால் குறி சிதறுவது சகஜம். பையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன்மேல் துப்பாக்கியைப் பிடிக்காமல் கிடத்துவதுதான் இதற்குப் பழகிய வழி.

தாங்கி தீர்த்துவைப்பது உடலின் ஆட்டத்தில் ஒரு பங்கைத்தான். கை நடுக்கம் வினாடிக்கு 8 முதல் 12 முறை இயல்பாகவே இருக்கும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உடலையே லேசாக உலுக்குகிறது. துடிப்பை மந்தமாக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் துப்பாக்கி சுடும் விளையாட்டில் தடைசெய்யப்பட்டிருப்பது இதனால்தான். கன்னத்தைக் கட்டையில் அழுத்தினால் நாடித்துடிப்பு பைகளைத் தாண்டி ஸ்கோப்பின் குறிக்கோட்டில் தெரியும். பாராலிம்பிக் போட்டிகளில், ரைஃபிளின் எடையைக் கையால் தாங்க முடியாத எஸ்ஹெச்2 பிரிவு வீரர்களுக்கு ஸ்பிரிங் வைத்த ஸ்டாண்ட் தருகிறார்கள். எடையை ஸ்பிரிங் ஏற்கிறது; ஆட்டத்தை அது நிறுத்துவதில்லை.

எந்தத் தாங்கியை எடுத்தாலும், சுடும் ரேஞ்சில், துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று உறுதி செய்துகொண்டு, குழல் வாயை இலக்குப் பக்கமே வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். குறிவைத்துவிட்டுக் கையை எடுங்கள். குறிக்கோடு அங்கேயே நிற்க வேண்டும். பிறகு துப்பாக்கியை மெல்லப் பின்னால் சில செ.மீ. இழுத்து மறுபடி முன்னே தள்ளுங்கள். இழுக்கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் பையின் காதுகளில் டால்கம் பவுடர் தடவுகிறார்கள் அனுபவசாலிகள். எதிலாவது தட்டுகிறதா என்றும் பாருங்கள். முன்கட்டையின் அடியில் வார் மாட்டும் கொக்கி பையில் இடிப்பது அடிக்கடி நடக்கும். இழுக்கும்போது குறிக்கோடு நேர் மேலாகவோ கீழாகவோ போய், தள்ளியதும் பழைய புள்ளிக்கே வந்தால் சரி. சாய்வாக ஓடினால் முன் தாங்கியும் பின் பையும் ஒரே கோட்டில் இல்லை. பின் பையை அரை விரற்கடை நகர்த்தி, மறுபடி இழுத்துப் பாருங்கள்.