கேமரா கடைசியில் வாங்கலாம்

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தப் பயிற்சி கொடுப்பது என் வேலை. முதல் நாள் தேநீர் இடைவேளையில் யாராவது ஒருவர் ஓரமாக வந்து கேட்பார்: "சார், எந்த கேமரா வாங்கலாம்?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "புதன்கிழமை சாயங்காலம் உங்கள் மாணவர் உங்கள் பாடத்துக்காக என்ன செய்துகொண்டிருப்பார்?" பெரும்பாலும் பதில் வராது. சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது நமக்கு யோசிக்க நேரமில்லை. மீட்டிலோ ஜூமிலோ நுழைந்து, கரும்பலகை முன்னால் பேசியதையே திரை முன்னால் பேசினோம். அது தீயணைக்கும் வேலை. அதில் தப்பில்லை. ஆனால் அந்த அவசரத்தில் பழகிய முறையையே இன்றும் பல ஆசிரியர்கள் ஆன்லைன் பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கல்லூரியில் வகுப்பு நடந்ததற்குச் சான்றாக, மாணவர்களின் பெயர்கள் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டைத் தினமும் அனுப்பச் சொன்னார்கள். பெயர் திரையில் இருந்தது. மாணவர் மாடு பிடித்துக் கட்டப் போயிருந்தார்.

வீடியோவிலிருந்தே தொடங்குகிறேன், எல்லோருடைய கவலையும் அதுதான் என்பதால். ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே பதிவுசெய்து ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் மாணவர்கள் 69 லட்சம் முறை வீடியோ பார்த்த பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், சராசரி மாணவர் ஆறு நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை. இன்னொன்றும் அதில் தெரிந்தது: ஸ்டூடியோவில் பளபளப்பாக எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியது மாணவர்களை அதிகம் பிடித்து வைத்தது. கேமரா கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நம் ஊரில் இதோடு ஒரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்து, "இப்ப பாரு, இந்த எலெக்ட்ரான் இங்கேயிருந்து அங்கே குதிக்குது" என்று அழகாகச் சொல்லும் ஆசிரியர், ரெக்கார்டு பட்டனை அழுத்தியதும் விறைத்துப்போய், எழுதி வைத்த ஆங்கிலத்தை வாசிக்க ஆரம்பித்துவிடுவார். யாரோ பெரியவர்கள் பார்ப்பார்கள் என்ற பயம். பார்க்கப்போவது அதே பிள்ளைகள்தான். வகுப்பில் பேசுவதுபோலவே பேசுங்கள்.

சரி, புதன்கிழமைக்கு வருவோம். மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் வரும் பாடங்களுக்கு நான்கு பகுதிகள் உண்டு: வீடியோ, படிக்க வேண்டிய பக்கங்கள், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், கலந்துரையாடல். நம் ஆசிரியர்கள் முதல் பகுதிக்கு எண்பது சதவீத உழைப்பைக் கொட்டிவிட்டு, மற்ற மூன்றையும் கடைசி இரவில் ஒப்பேற்றுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். முதலில் ஒரு வெள்ளைத்தாளில், இந்த வாரம் முடியும்போது மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அடித்துவிடுவேன். "கணக்கிடுவார்", "பிரித்துக்காட்டுவார்" என்று, கண்ணால் பார்க்கக்கூடிய வினை வேண்டும். அப்புறம் அதைச் சோதிக்கும் வேலை, அதற்கான பயிற்சி, கடைசியில் அதற்குத் தேவையான வீடியோ. இந்த வரிசையில் போனால், எடுக்க வேண்டிய வீடியோக்களில் பாதி தேவையில்லை என்று தானாகத் தெரிந்துவிடும்.

ஒரு கணித ஆசிரியை செய்தது இன்னும் என் நினைவில் இருக்கிறது. சார்புகளின் (ஃபங்ஷன்) தொடர்ச்சி, அதாவது வரைபடம் எங்கே அறுபடாமல் போகிறது, எங்கே அறுபடுகிறது என்ற பகுதிக்கு அவர் கொடுத்திருந்த அசைன்மென்ட் பாடநூலின் பத்துக் கணக்குகள். விடை வாட்ஸ்அப்பில் ஒரே இரவில் ஊர்சுற்றி வந்துவிட்டது. மறுமுறை, அவரவர் வீட்டு ஈபி பில்லை எடுத்து, கட்டணத்தை யூனிட்டின் சார்பாக எழுதி வரைபடம் போடச் சொன்னார். முதல் 100 யூனிட்டுக்கு அப்போது கட்டணமில்லை என்பதால் கோடு தரையிலேயே போகும், பிறகு படிப்படியாகச் செங்குத்தாகும். 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுவதால், அந்த இடத்தில் வரைபடம் துண்டாகி மேலே தாவும். 501ஆவது யூனிட்டுக்கு அப்பா ஏன் கத்துகிறார் என்பது வரைபடத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் வேறு, பார்த்து எழுத வழியில்லை. அதற்கு அவர் எடுத்த வீடியோ மொத்தம் ஏழு நிமிடம்.

நேரலை வகுப்பை என்ன செய்வது? விளக்கவுரைக்கு அதைச் செலவழிக்காதீர்கள். சிக்கிய இடங்களைச் சேர்ந்து அவிழ்க்க வைத்துக்கொள்ளுங்கள். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நேர் வகுப்பில் அதற்கு "எஸ் சார்" என்று கோரஸாவது வரும், இங்கே அதுவும் வராது. மாறாக, "அடுத்த வரி என்ன? எல்லோரும் சாட்டில் தட்டி வையுங்கள், நான் சொன்னதும் ஒன்றாக அனுப்புங்கள்" என்று கேட்டுப்பாருங்கள். நாற்பது விடைகள் ஒரே நேரத்தில் பொழியும். முதலில் சொல்பவரைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்ள முடியாது. எங்கே தவறுகிறார்கள் என்பது ஒரு நொடியில் தெரியும். கேமராவை ஆன் செய்யச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டைத் திரையில் காட்டச் சொல்லி என்ன கிடைக்கப்போகிறது?

மதிப்பெண் விஷயத்தில், ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல்லிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, ஆனால் மிகச் சிறந்த எட்டின் சராசரிதான் கணக்கில் வரும். அதற்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அதாவது காய்ச்சலுக்கும் கரண்ட் போனதற்கும் அறுவடைக்கும் சேர்த்து நான்கு வாரம் முன்கூட்டியே மன்னிக்கப்பட்டிருக்கிறது. மாணவர் கெஞ்ச வேண்டாம், ஆசிரியர் விசாரணை நடத்த வேண்டாம். உங்கள் இன்டர்னல் மதிப்பெண்ணிலும் இப்படி ஒரு தளர்வை வையுங்கள்.

அப்புறம், சந்தேகங்களுக்கு எப்போது பதில் சொல்வீர்கள் என்பதை முதல் வாரமே எழுதிப் போட்டுவிடுங்கள், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணி என்பதுபோல. இல்லையென்றால் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் "மேம், லாஸ்ட் டேட் எப்போ?" வரும். இந்த உழைப்பைப் பல கல்லூரிகள் பணிச்சுமையில் சேர்ப்பதே இல்லை என்பது தனிக் கோபம். அதனால்தான் ஒரு செமஸ்டரில் பாடத்தின் ஐந்து யூனிட்டையும் மாற்ற வேண்டாம், ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள் என்கிறேன்.

கேமரா கேட்டவர்களிடம் பயிற்சியின் கடைசி நாளில் சொல்வது இதுதான். போனை விடைத்தாள் கட்டு ஒன்றில் சாய்த்து வையுங்கள், ஒயர் இயர்போன் மாட்டுங்கள், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். முக்கியமாக, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆறு நிமிடம்தானே, வியர்த்தாலும் பரவாயில்லை.