கலவைத் திராட்சையைத் தனியாக ருசித்துப் பாருங்கள்: கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கப்பல் ரெஸ்டாரன்ட் வேலைக்குக் கிளம்பும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒயின் பாடம் எடுப்பது என் தொழில். பலருக்கும் ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பரணியில் ஊறிய பன்னீர் திராட்சைதான். இனிப்பும் கிராம்பு வாசமும். சர்க்கரை மிஞ்சாத சிவப்பு ஒயின் நாக்கில் பட்டதும் முகம் சுளிக்கிறார்கள். அது பழகிவிடும். பழகாதது பல திராட்சைகளைச் சேர்த்துச் செய்யும் கலவை ஒயின். பிரான்சின் போர்டோ பகுதிக் கலவை பாட்டில் ஒன்றைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்டால், “நல்லா இருக்கு சார்” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அதனால் அந்தக் கலவையில் கொஞ்சமாகச் சேரும் திராட்சைகளைத் தனித்தனியாகக் கொடுக்கிறேன். முதலில் கேபர்நே பிராங்க். குடமிளகாயின் பச்சை வாசம் மூக்கில் ஏறும். புகழ்பெற்ற கேபர்நே சாவின்யோனுக்கு இது பெற்றோரில் ஒன்று என்று 1997இல் மரபணுச் சோதனை காட்டியது. பிரான்சின் ஷினோன் பகுதியில் பெரும்பாலும் இதைத் தனியாகவே பாட்டிலில் அடைக்கிறார்கள். அடுத்து மால்பெக். 1956 கடுங்குளிரில் போர்டோவின் மால்பெக் கொடிகள் ஏராளமாக அழிந்தன. அர்ஜென்டினாவிலோ அதுதான் முதன்மைத் திராட்சை.

பெத்தி வெர்டோ கடைசியில்தான். தடித்த தோல், மை போன்ற நிறம். தாமதமாகப் பழுப்பதால் போர்டோவில் அதை நம்பிப் பெரிதாக நடுவதில்லை. கலவையிலும் சில சதவீதம்தான். தனியாகக் குடித்தால், கொல்லாம்பழம் கடித்தபின் ஈறில் பிடிக்கிற அதே துவர்ப்பு. முதலில் இதைக் கொடுத்தால் மற்றது எதுவும் ருசிக்காது. பிறகு மெர்லோ என்ற இன்னொரு திராட்சையின் சிவப்பு ஒயின் 90 மில்லியில் இதை 5 மில்லி விட்டுக் கலக்கச் சொல்வேன். நிறம் இருளும், வாயில் பிடிப்பு வரும். வகுப்பில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் ஊற்றலாம் என்பது நாகர்கோவில் அறைக்குப் பொருந்தாது. 16 முதல் 18 டிகிரி வேண்டும். ஊற்றும் முன் பிரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். (மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். இரும்பைக் கடித்த மாதிரி இருக்கும்.)

லேபிளில் ஒரே திராட்சையின் பெயர் இருந்தால் முழுக்க அதுதான் என்று விருந்தினரிடம் சத்தியம் செய்யாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 சதவீதம், அமெரிக்காவில் பொதுவாக 75 சதவீதம் இருந்தாலே அந்தப் பெயரைப் போடலாம்.

ருசித்ததைத் துப்பிவிடுங்கள், துப்பினாலும் கொஞ்சம் உடலில் சேரும். அதனால் வகுப்பு முடிந்து தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் பைக்கில் கிளம்ப வேண்டாம், பஸ் இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வழக்குதான். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு நான் கிளாஸைக் கொடுப்பதில்லை. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று விருந்தினர் சொன்னால் தலையாட்டாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குடிப்பதில்லை என்று இருக்கிறவர்கள் நிறத்தையும் வாசத்தையும் வைத்தே இந்த மூன்று திராட்சைகளையும் பிரித்தறியப் பழகலாம். அவர்களுக்கும் வகுப்பில் இடம் உண்டு.