ஊட்டத்தூரிலிருந்து கிழக்கே

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை அடுத்த செம்மேடுகளுக்குப் போவதென்றால் மழை விட்ட மறுநாள் போக வேண்டும். புல் பூண்டு அதிகம் இல்லாத களிமண் நிலம். மழைநீர் அரித்து அரித்து எங்கு பார்த்தாலும் சிறு ஓடைகள், நடுவே கூரான மண்முகடுகள். நான் போனபோது ஓடைக்கரையில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லுபோல மின்னிக்கொண்டிருந்தன. பக்கத்திலேயே சுண்டுவிரல் பருமனில் ஒரு கல், ஒரு முனை தோட்டாபோலக் கூராக. ஒடிந்த பக்கத்தைத் திருப்பினால், நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி மெல்லிய கோடுகள்.

அது பெலம்னைட். கணவாயின் தூரத்து உறவான ஒரு கடலுயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. கடல் இன்று அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

கோண்டுவானா என்ற பெருநிலத்திலிருந்து இந்தியா பிரிந்தபோது, அதன் கிழக்கு விளிம்பு உடைந்து தாழ்ந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. ஆறுகள் மேற்கிலிருந்து மணலும் களிமண்ணும் கொண்டுவந்து கொட்டின. செத்து அடியில் விழுந்த உயிர்களில் பெரும்பாலானவை அழுகியும் தின்னப்பட்டும் மறைந்தன. சில மட்டும் சீக்கிரமே சேற்றில் மூடப்பட்டன. சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓட்டுக்குள் சேறு புகுந்து இறுகியது. பிறகு ஓடே கரைந்துபோனாலும், அச்சை எடுத்த பின் நிற்கும் கொழுக்கட்டையாக உள்வடிவம் நின்றது.

அதே மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. கரையில் வளர்ந்த ஊசியிலை மரம் ஒன்று ஆற்றோடு அடித்து வரப்பட்டு, சிப்பிகள் கிடந்த கடலடியில் புதைந்தது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற மணற்சத்து மரத்தின் செல்களுக்குள் புகுந்து படிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மரத்தையே கல்லாக்கியது. 18 மீட்டர் நீளமுள்ள அந்தத் தண்டை 1940-ல் உலகுக்குத் தெரியப்படுத்தியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன்.

படிவுப் பாறையில் அடியில் கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது. அப்படியானால் இளைய அடுக்குகளுக்கு அடியில் இருக்க வேண்டிய காரைக் களிமண் நம் காலடிக்கு எப்படி வந்தது? இங்குள்ள அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றைச் சாய்த்து வைத்தால் ஒவ்வோர் ஏட்டின் விளிம்பும் வெளியே தெரியும் அல்லவா, அதுபோலத்தான். மேடாக நின்றதை மழையும் வெயிலும் கரைத்துச் சமமாக்கிவிட்டதால், நிலத்தின் மேல் வரிசையாக விளிம்புகள் தெரிகின்றன. மேற்கே ஊட்டத்தூர்ப் பக்கம் பழைய அடுக்கு. கிழக்கே அரியலூர்ப் பக்கம் புதியது. முப்பது கிலோமீட்டருக்குள் நான்கு கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம். 1860-களில் எச்.எஃப். பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்த அடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்களின் பெயரையே சூட்டினார். உலகப் புவியியல் நூல்களில் இன்றும் அவை அதே பெயரில்தான் இருக்கின்றன.

பூஜையறைச் சாளக்கிராமத்தின் சக்கரமும் அம்மோனைட்தான். அது டெதிஸ் என்ற வேறொரு கடலின் அடியில் படிந்தது. இந்தியா ஆசியாவோடு மோதியபோது அந்தக் கடலடி மடிந்து இமயமாக எழுந்தது. கண்டகி நதி அதைக் குடைந்து சாளக்கிராமத்தை எடுத்துத் தருகிறது. இங்கே நிலம் கொஞ்சம்தான் உயர்ந்தது. வெளியே எடுத்துத் தருவது மட்டும் இரண்டு இடத்திலும் தண்ணீர்.

எடுத்துத் தரும் தண்ணீரே அழிக்கவும் செய்யும். அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்ற இடம் இருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரிட்டேசியஸின் முடிவில் கடல் பின்வாங்கி, ஆறுகள் ஓடிய அடுக்கு அங்கே தெரிகிறது. அதில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987-ல் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் ஈரமும் களிமண்ணும் ஊறிய அந்த எலும்புகள் உதிர்ந்து தூளாகிவிட்டன. இன்று மிஞ்சியிருப்பவை எழுதி வைத்த அளவுகளும் சில படங்களுமே. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. காரையிலும் ஒவ்வொரு மழையும் ஒன்றைத் திறந்து இன்னொன்றைக் கரைக்கிறது. அது போதாதென்று பார்க்க வருகிறவர்கள் பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறார்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் கல் எதையும் சொல்லாது. நான் அந்தப் பெலம்னைட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கல்லமேட்டைத் தாண்டிச் செந்துறைப் பக்கம் நிண்ணியூருக்கு வந்தால் கடல் மறுபடி திரும்பியிருப்பது தெரிகிறது. காலம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம். மெக்சிகோவில் விண்கல் மோதி, டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த சுண்ணாம்புக்கல் இது. இதில் அம்மோனைட்போலவே சுருள் ஓடு கொண்ட நாட்டிலஸ் இருக்கிறது. அதன் இனம் இன்றும் பசிபிக் கடலில் நீந்துகிறது. ஊட்டத்தூரிலிருந்து அடுக்குக்கு அடுக்கு கூடவே வந்த அம்மோனைட் இங்கே இல்லை.